நெல்சனின் வலக்கண்ணும் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்னும் தொடரும்

‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் துல்லியமான பொருள் என்ன, அது நெல்சன் என்னும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி போர்க்களத்தில் செய்த ஒரு செயலிலிருந்து பிறந்தது என்று உங்கள் மகளின் பாடத் துணைநூலில் அச்சிட்டிருப்பது சரிதானா, தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் நெல்சன் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதற்குத் தந்தது புகழை மட்டுமே. அதைவிட முக்கியமானது, அன்று அவர் செய்ததாகச் சொல்லப்படும் செயலும் இன்று அந்தத் தொடர் குறிக்கும் செயலும் ஒன்றல்ல என்பது. துணைநூல்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது செய்தியைத்தான். ஆகவே அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருளிலிருந்து தொடங்குவோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் குருட்டுக் கண்ணைத் திருப்புதல் என்று நிற்கும் இந்தத் தொடருக்குள் மூன்று கூறுகள் உள்ளன. ஒரு தவறு நடக்கிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியும், அல்லது தெரியக்கூடிய இடத்தில் அவர் இருக்கிறார். அதைத் தடுக்கவோ தட்டிக் கேட்கவோ வேண்டிய கடமை அவருக்கு உண்டு. இருந்தும், தெரியாதவரைப்போல இருந்துவிடுவது என்று அவர் தாமாகவே முடிவு செய்கிறார். இரவு முழுவதும் ஆற்றுக்குள் இறங்கி மணல் அள்ளிச் செல்லும் லாரிகள் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போகின்றன என்றால், சாவடியில் இருப்பவர் செய்வதை இந்தத் தொடரால் குறிக்கலாம். அதே ஆற்றங்கரையில் உறங்கிக்கொண்டிருந்ததால் லாரியின் சத்தமே கேட்காத விவசாயிக்கு இது பொருந்தாது. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அறியாமைக்கும் அறிந்த பாசாங்குக்கும் இடையிலுள்ள வேறுபாடே இந்தத் தொடரின் உயிர். எதைக் கண்டுகொள்ளவில்லையோ அதைத் தொடருக்குப் பின் ‘டு’ என்ற முன்னிடைச் சொல் இட்டுச் சேர்க்க வேண்டும் என்பது தவிர, இலக்கணத்தில் சிக்கல் எதுவும் இல்லை.

ஒரு சிறு விவரத்தைக் கவனித்திருப்பீர்கள். தொடரில் கண் ஒருமையில் வருகிறது. மனிதருக்கு இரண்டு கண்கள் இருக்க, ஒரு கண்ணை மட்டும் திருப்புவானேன்? இதுவே நெல்சன் கதைக்கு வலுவான சான்று என்று சிலர் எண்ணுகிறார்கள், ஏனெனில் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஆனால் இதற்கு இன்னும் எளிய விளக்கம் உண்டு. ‘டர்ன் எ டெஃப் இயர்’, அதாவது கேளாக் காதைத் திருப்புதல் என்று இதற்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. கேளாக் காது காட்டுவது என்னும் வழக்கு 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. ஒரு காது மந்தமான ஒருவர், கேட்க விரும்பாத பேச்சு வரும்போது அந்தக் காதைப் பேசுபவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்பதே அங்குள்ள சித்திரம். காதுக்குச் சொன்னதைக் கண்ணுக்கும் சொல்ல ஒரு தளபதியின் துணை தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி இந்தக் கண் தொடருக்கு 1698-ஆம் ஆண்டிலேயே எழுத்துச் சான்று காட்டுகிறது. நெல்சன் பிறந்தது 1758-இல். தோற்றம் பற்றிய வழக்கு உண்மையில் இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனாலும் கதையை அப்படியே தள்ளிவிட முடியாது. அது நல்ல கதை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அதைக் கூர்ந்து பார்த்தால்தான் தொடரின் பொருள் எங்கே தடம் மாறுகிறது என்பது விளங்கும்.

ஹொரேஷியோ நெல்சன் பன்னிரண்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். சீஹார்ஸ் என்ற கப்பலில் சிறுவனாக வந்து 1774-இல் நம் சென்னைக் கரையையும் கண்டவர். பிரான்சுக்கு எதிரான போரில், 1794 ஜூலை 12 அன்று, கோர்சிகா தீவின் கால்வி நகர முற்றுகையின்போது, எதிரியின் குண்டு பட்டுச் சிதறிய மண்ணும் கல்லும் அவருடைய முகத்தில் தெறித்து வலக்கண்ணின் பார்வையைப் பறித்தன. வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறியும் அளவுக்கு ஏதோ எஞ்சியிருந்தது, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அந்தக் கண் ஊனமுற்றதாகவே தோன்றவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1797-இல், டெனெரிஃப் தீவில் வலக்கையையும் இழந்தார். ஆக, நாம் பேசப்போகும் நாளில் அவர் தொலைநோக்கியை எந்தக் கண்ணில் வைத்திருந்தாலும் இடக்கையால்தான் வைத்திருக்க முடியும். திரைப்படங்களும் விடுதிப் பெயர்ப்பலகைகளும் அவருக்கு மாட்டிவிடும் கறுப்புக் கண்மறைப்பை அவர் ஒருநாளும் அணிந்ததில்லை. நல்ல கண்ணை வெயிலிலிருந்து காக்கத் தொப்பியின் கீழ் ஒரு பச்சை நிழல்பட்டி வைத்துக்கொண்டார் என்பது மட்டுமே உண்மை. 1843-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத் தூணின் உச்சியில் ஏற்றப்பட்ட சிலையிலும் கண்மறைப்பு இல்லை.

கதை நடந்த இடம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன்; நாள் 1801 ஏப்ரல் 2. பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டன், எதிரிக்குச் சரக்கு போகாமல் தடுப்பதற்காக நடுநிலை நாடுகளின் வணிகக் கப்பல்களையும் மறித்துச் சோதனையிட்டது. இதை எதிர்க்க ரஷ்யா, டென்மார்க், ஸ்வீடன், பிரஷ்யா ஆகிய நாடுகள் 1800-இன் இறுதியில் ஒரு கூட்டணி அமைத்தன. பிரிட்டனுக்கு இது உயிர்ப் பிரச்சினை, ஏனெனில் அதன் போர்க்கப்பல்களுக்கு வேண்டிய பாய்மர மரம், கயிற்றுக்கான சணல், கீல் ஆகியவை பால்டிக் கடலின் வழியாகவே வந்தன. கூட்டணியை உடைக்க ஒரு கடற்படையை அனுப்பினார்கள். அதன் முதன்மைத் தளபதி சர் ஹைட் பார்க்கர், அறுபதைக் கடந்தவர், எச்சரிக்கையானவர், சில மாதங்களுக்கு முன்புதான் பதினெட்டு வயதுப் பெண்ணை மணந்திருந்தவர். அவருக்கு அடுத்த நிலையில் நெல்சன். கூட்டணியின் உந்துவிசையாக இருந்த ரஷ்யப் பேரரசர் முதலாம் பால் மார்ச் மாத இறுதியிலேயே தம் அரண்மனையில் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் செய்தி கோபன்ஹேகனுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் இந்தப் போரே நடந்திருக்காது. நம் துணைநூலில் ஒரு பத்தி குறைந்திருக்கும்.

கோபன்ஹேகனுக்கு முன்னால் கடல் ஆழமற்றது. நடுவில் ஒரு பெரிய மணல்திட்டு கிடந்தது. திட்டுக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள குறுகிய வாய்க்காலில், பாய்மரம் கழற்றிய கப்பல்களையும் மிதக்கும் பீரங்கி மேடைகளையும் வரிசையாக நங்கூரமிட்டு டேனியர்கள் காத்திருந்தார்கள். வடமுனையில் டிரெக்ரோனர் என்ற கோட்டை இருந்தது. வரிசையின் தென்முனையே வலுக்குறைந்தது என்று கண்ட நெல்சன், மிதவை ஆழம் குறைந்த பன்னிரண்டு பெருங்கப்பல்களோடு திட்டைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து நுழைந்தார். இதற்காகவே தம் பெரிய கப்பலான செயின்ட் ஜார்ஜை விட்டு, தாமஸ் ஃபோலி என்பவர் தலைமை மாலுமியாக இருந்த எலிஃபண்ட் என்ற கப்பலுக்கு மாறியிருந்தார். எஞ்சிய கப்பல்களோடு பார்க்கர் வடக்கே சில மைல் தொலைவில் நின்றார். தென்காற்று அவருக்கு எதிராக வீசியதால் விரைந்து உதவிக்கு வரும் நிலையிலும் அவர் இல்லை.

காலை பத்து மணியளவில் தொடங்கிய போர் நெல்சன் எண்ணியபடி போகவில்லை. அகமெம்னான் என்ற கப்பல் திட்டைச் சுற்றவே முடியாமல் நின்றுவிட்டது. பெல்லோனா, ரசல் ஆகிய இரண்டும் தரைதட்டின. பன்னிரண்டில் கால் பங்கு உரிய இடத்துக்கு வந்து சேரவில்லை. டேனியர்கள் எதிர்பார்த்ததைவிட உறுதியாகப் போரிட்டார்கள். கரையிலிருந்து படகுகளில் புதிய ஆட்கள் வந்து, வீழ்ந்தவர்களின் இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணி நேரமாகியும் குண்டுமழை ஓயவில்லை. புகைக்கு நடுவே, தரைதட்டிய கப்பல்கள் ஏற்றிய உதவிக் கொடிகளும், ஓயாத டேனியப் பீரங்கிகளும் மட்டுமே தொலைவிலிருந்த பார்க்கருக்குத் தெரிந்தன. பிற்பகல் ஒரு மணியைத் தாண்டியபோது அவர் 39-ஆம் எண் கொடிச் சைகையை ஏற்றினார். சைகை நூலின்படி அதற்குப் பொருள், போரை நிறுத்துங்கள்.

எலிஃபண்டின் மேல்தளத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது இது. சைகையைக் கவனிக்கும் அதிகாரி 39-ஆம் எண் ஏறியிருப்பதை அறிவித்து, அதைத் தம் கப்பலிலும் ஏற்றி மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டார். வேண்டாம், பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் மறுமொழி காட்டு என்றார் நெல்சன். பிறகு, அணுகிப் போரிடுக என்பதற்கான 16-ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா என்று கேட்டார். பறக்கிறது என்றதும், அது அப்படியே இருக்கட்டும் என்றார். சற்று நேரம் வெட்டுண்ட வலக்கையின் எச்சத்தை அசைத்தபடி நடந்தவர், ஃபோலியின் பக்கம் திரும்பி, எனக்கு இருப்பது ஒரே கண்தான் என்பது உமக்குத் தெரியுமே, சில நேரங்களில் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லி, தொலைநோக்கியை வலக்கண்ணில் வைத்து, உண்மையாகவே எனக்குச் சைகை தெரியவில்லை என்றார்.

இந்தக் காட்சிக்கு முதன்மைச் சாட்சி, அன்று நெல்சன் அருகில் நின்ற தரைப்படை அதிகாரி கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட். அவர் எழுதியது பரவலான அச்சுக்கு வந்தது 1809-இல் வெளியான பெரிய வாழ்க்கை வரலாற்றில். அதாவது போருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1805-இல் டிரஃபால்கர் போரில் இறந்த நெல்சன் நாட்டின் தெய்வமாகவே ஆகிவிட்ட பிறகு. அதிலிருந்து எடுத்துத் தம் அழகிய நடையில் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கவிஞர் ராபர்ட் சௌதே. அவர் எழுதிய நெல்சன் வரலாறு 1813-இல் வந்தது. மறைந்த வீரரின் புகழ் உச்சத்தில் இருக்கும்போது நினைவிலிருந்து எடுத்து எழுதப்படும் உரையாடல் கொஞ்சம் மெருகேறியே வரும் என்பது நாம் அறியாததல்ல. ஆகவே தொலைநோக்கிக் காட்சியை ஐயத்தோடு நோக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. என் எண்ணத்தில், நெல்சனின் வாயிலிருந்து அப்படி ஒரு கேலி வந்திருக்கக்கூடும், அவருடைய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் புதியதாக இருக்காது. ஆனால் அதன்மேல் ஒரு சொல்லின் பிறப்புச் சான்றிதழையே ஏற்றி வைக்கும் அளவுக்கு அது உறுதியான தரையன்று.

கதையைச் சொல்பவர்கள் பார்க்கரைக் கோழையாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. அந்தச் சைகை கட்டளையாக ஏற்றப்பட்டதன்று, அனுமதியாக ஏற்றப்பட்டது என்று பார்க்கரின் கப்பலில் இருந்த போதகர் அலெக்ஸாண்டர் ஸ்காட் பின்னாளில் சொன்னார். நெல்சன் வெல்லும் நிலையில் இருந்தால் இதைப் பொருட்படுத்த மாட்டார். தோற்கும் நிலையில் இருந்தால் பின்வாங்குவதற்கு இது அவருக்கு ஒரு சாக்காக இருக்கும், பழி என்மேல் விழட்டும் என்று பார்க்கர் எண்ணினார் என்பது அந்த விளக்கம். வெற்றி வாய்ப்பு இருந்தால் தொடரலாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவர ராபர்ட் ஆட்வே என்ற அதிகாரியைப் படகில் அனுப்பியும் இருந்தார்கள். அவர் போய்ச் சேருமுன் கொடி ஏறிவிட்டது. பார்க்கரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் கொடிக்கு நோக்கம் தெரியாது. சைகை நூலில் 39-க்கு எதிரே விருப்பமிருந்தால் என்ற சொல் இல்லை. அது நெல்சன் ஒருவருக்கு மட்டுமல்லாமல் எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவாகப் பறந்தது.

அதன் விளைவு மூன்று விதமாக இருந்தது. நெல்சன் மறுமொழி மட்டும் காட்டினார். அவருக்கு அடுத்த தளபதி தாமஸ் கிரேவ்ஸ், 39-ஐ நெல்சனின் கண்ணில் எளிதில் படாத ஓரிடத்தில் ஏற்றிவிட்டு, 16-ஐ இறக்காமலே வைத்துக்கொண்டார். கீழ்ப்படிந்தும் கீழ்ப்படியாமலும் இருக்கும் இந்தக் கலை நம் அலுவலகங்களில் கோப்பு நகர்த்துபவர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். மூன்றாமவர் எட்வர்ட் ரியூ. தரைதட்டிய பெருங்கப்பல்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சிறு கப்பல்களைக் கொண்டு நிரப்பி, டிரெக்ரோனர் கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே அவர் அடிவாங்கிக்கொண்டிருந்தார். பார்க்கருக்கு மிக அருகிலிருந்த அவரால் சைகையைத் தவிர்க்க முடியவில்லை. நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று வருந்திக்கொண்டே கப்பலைத் திருப்பினார். திரும்பியபோது வந்த குண்டு அவரைக் கொன்றது. கதையில் கேலி இருக்கும் அதே நிமிடங்களில் இந்த மரணமும் இருக்கிறது. கீழ்ப்படிந்தவர் செத்தார் என்ற செய்தியைத் துணைநூல்கள் சொல்வதில்லை.

நெல்சனும் கீழ்ப்படிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அன்று மாலையே விடை கிடைத்தது. அந்த வாய்க்காலிலிருந்து வெளியேற ஒரே வழி வடக்கு, அங்கே இன்னும் வீழாத கோட்டை, இருபுறமும் திட்டு. சண்டை நின்று வெள்ளைக்கொடி பறந்த பிறகு, குண்டு எதுவும் வராத அமைதியில் வெளியேறும்போதே எலிஃபண்டும் டிஃபையன்ஸும் தரைதட்டி நின்றன. பாய்மரம் ஒடிந்த கப்பல்களைக் குண்டுமழைக்கு நடுவே அதே வழியில் ஓட்டியிருந்தால் அழிவு எவ்வளவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சைகை ஏறிய நேரத்தில், பின்வாங்குவதைவிட நின்று போரிடுவதே ஆபத்துக் குறைந்த வழியாக இருந்தது. தொலைவிலிருந்த பார்க்கருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நெல்சனுக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குள் டேனிய வரிசை பெரும்பாலும் அடங்கியது. நெல்சன், டேனியர்களை ஆங்கிலேயரின் சகோதரர்கள் என்று விளித்து அவர்களுடைய பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்குக் கடிதம் எழுதினார். போர் தொடர்ந்தால் தாம் கைப்பற்றிய மிதவைகளை அவற்றிலுள்ள வீரர்களோடு எரிக்க நேரிடும் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. அதை ஒட்ட எளிய பசைவில்லையை எடுத்துத் தந்தபோது மறுத்து, அரக்கு கொண்டுவரச் செய்து, நிதானமாக முத்திரையிட்டார். அவசரத்தில் எழுதியது என்று எதிரி நினைத்துவிடக் கூடாதாம். போர் நின்றது. பிரிட்டிஷ் தரப்பில் 250-க்கும் மேற்பட்டோரும், டேனியத் தரப்பில் அதைவிட அதிகமானோரும் மாண்டிருந்தார்கள். ஆணைக்கு மாறாகப் போரிட்டிருக்கிறேன், ஒருவேளை என்னைத் தூக்கிலிடுவார்கள், போகட்டும் என்று அன்று நெல்சன் சொன்னதாகவும் அதே வரலாறுகள் பதிவு செய்கின்றன. அது வெறும் பேச்சல்ல. போரில் தன்னால் இயன்றதைச் செய்யவில்லை என்பதற்காக அட்மிரல் பிங் என்பவரை 1757-இல் கப்பல் தளத்திலேயே சுட்டுக் கொன்ற கடற்படை அது. ஆனால் மே மாதம் பார்க்கரைத் திருப்பி அழைத்துக்கொண்டு நெல்சனையே முதன்மைத் தளபதியாக்கினார்கள். உயர்ந்த பட்டமும் தந்தார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன வேறுபாட்டுக்கு வரலாம். ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ செய்பவர், தனக்குத் தெரியும் என்பதை மறைக்கிறார். மறைப்பதன் நோக்கம் பின்னாளில் பொறுப்பிலிருந்து நழுவுவது. நெல்சன் எதையும் மறைக்கவில்லை. பெற்றுக்கொண்டோம் என்ற மறுமொழிக் கொடியை அவருடைய கப்பல் எல்லாரும் காண ஏற்றியது. பதிவேட்டின்படி அவர் சைகையைப் பார்த்தவர். பார்த்ததாக மேலதிகாரிக்கே தெரிவித்தவர். தெரியவில்லை என்று சொன்னது பார்க்கரை ஏமாற்ற அன்று, பக்கத்தில் நின்றவர்களின் பதற்றத்தைத் தணிக்க. அது மட்டுமன்று: தோற்றிருந்தால் முழுப் பழியும் தம் தலைமேல் விழும் என்பதை அறிந்தே அவர் மீறினார். சோதனைச் சாவடிக்காரர் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்காகக் காணாதிருக்கிறார். நெல்சன் பொறுப்பைத் தம்மேல் போட்டுக்கொள்வதற்காகக் காணாதவர்போல் நடித்தார். ஒரே சைகைதான், ஆனால் இரண்டும் எதிர்த்திசையில் நடக்கின்றன. சொல் இழிவானது, கதை வீரமானது. ஒன்றின் பிறப்பை மற்றொன்றில் தேடியதால் வந்த பொருத்தமின்மை இது. ஆங்கிலேயர்களுக்கு இது உறுத்தவில்லை என்பது வியப்புத்தான். கண், குருடு, திருப்புதல் என்ற மூன்று சொற்களும் கதையில் அப்படியே கிடைத்ததும் மற்றதை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தொடரைப் பொழுதுபோக்காக இல்லாமல் தொழிலாகவே ஆராய்ந்தவர்கள் நீதிபதிகள். ஸ்டார் சீ என்ற சரக்குக் கப்பல் 1990-இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயனற்றுப் போனது. இயந்திர அறைத் தீயை அணைக்கக் கரியமில வாயுவைச் செலுத்தும் அமைப்பு கப்பலில் இருந்தது. ஆனால் அறையை அடைத்து வாயுவை உள்ளே தேக்கிவைக்கும் காற்றுத்தடுப்புக் கதவுகள் பழுதாக இருந்தன. தீப்பிடித்தவுடன் வாயுவைத் திறந்துவிட வேண்டும் என்பதும் கப்பல் தலைவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தினர் பணம் தர மறுத்தார்கள். 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, கப்பல் கடலோடத் தகுதியற்றது என்பதை உரிமையாளர் அறிந்தே அனுப்பியிருந்தால், அதனால் வந்த இழப்புக்குக் காப்பீடு கிடையாது. அந்த விதி இருப்பது அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவில். பார்க்கரின் கொடியும் அதே எண் என்பதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

உரிமையாளர்களுக்கு நேரடியாகத் தெரியும் என்று மெய்ப்பிக்க முடியவில்லை. ஆகவே அவர்கள் பார்க்காத கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள் என்று காப்பீட்டாளர்கள் வாதிட்டார்கள். வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போய் 2001 ஜனவரியில் முடிந்தது. கோபன்ஹேகன் போருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து. தீர்ப்பில் நீதிபதி ஸ்காட் பிரபு, நெல்சனின் தொலைநோக்கியையே எடுத்துக்காட்டாகக் கூறி, சட்டத்தின் கண்ணில் இத்தகைய அறியாமை எப்போது அறிவுக்குச் சமமாகும் என்று வரையறுத்தார். உண்மை இன்னதாக இருக்கும் என்ற குறிப்பான ஐயம் மனத்தில் எழுந்திருக்க வேண்டும். அதோடு, விசாரித்தால் உறுதியாகிவிடுமே என்பதற்காகவே விசாரிக்காமல் இருக்க முடிவெடுத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது கண்ணைத் திருப்புதல். சோம்பலால் விசாரிக்காமல் விட்டால், அது எவ்வளவு பெரிய அலட்சியமாயினும், வெறும் அலட்சியமே. ஸ்டார் சீ உரிமையாளர்கள் அலட்சியக்காரர்கள், அதற்கு மேல் அல்லர் என்று முடிவாகி, காப்பீட்டாளர்கள் தோற்றார்கள். ஒரு மரபுத்தொடரின் பொருளை இதைவிடத் துல்லியமாக நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

இனித் தமிழ். சொல்லுக்குச் சொல் மாற்றி, குருட்டுக் கண்ணைத் திருப்பினார்கள் என்று எழுதுவதைச் செய்தி மொழிபெயர்ப்புகளில் எப்போதாவது காண்கிறேன். அதைப் படிக்கும் தமிழருக்கு ஒன்றும் விளங்காது, பார்வையற்றோரைக் காரணமில்லாமல் இழுத்ததாகவும் ஆகும். கண்மூடித்தனம் என்பதும் பொருந்தாது. அது ஆராயாமல் செய்வதைக் குறிக்கிறது, ஆராய்ந்தும் செய்யாதிருப்பதை அல்ல. பாராமுகம் அருகில் வந்தாலும், அது ஒரு மனிதர்மேல் கொண்ட புறக்கணிப்பு. தவறின்மேல் கொண்ட இணக்கமன்று. நமக்கு இருக்கும் சரியான வழக்கு ‘கண்டும் காணாமல் இருத்தல்’. அதில் கண்டும் என்ற உம்மை, நான் மேலே சொன்ன மூன்று கூறுகளில் முதலாவதை, அதாவது தெரிந்திருந்தது என்பதை, ஆங்கிலத்தைவிட வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. சட்ட ஆவணங்களில் ‘அறிந்தே அறியாதிருத்தல்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை.

இந்த வழக்கு மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழைய துணை. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், மக்கள் அறியாமையில் இருந்த காலங்களைக் கடவுள் கண் சிமிட்டி விட்டுவிட்டார் என்று பொருள்படும் ஒரு தொடர் அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே தமிழ் விவிலியம், ‘அறியாமையுள்ள காலங்களை தேவன் காணாதவர்போலிருந்தார்’ என்கிறது. கண் சிமிட்டலை விட்டுவிட்டுக் காணாமையைப் பிடித்துக்கொண்ட அந்த மொழிபெயர்ப்பாளரின் காது நல்ல காது. உடந்தையாயிருத்தலைக் குறிக்கும் ‘கனைவ்’ என்ற ஆங்கில வினையும், கண்களை மூடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. தவறுக்கு உடன்படுவதைக் கண்ணால் சொல்வது பல மொழிகளின் இயல்பாக இருக்கிறது.

நம் மரபில் இதற்கு இன்னொரு நிறமும் உண்டு. திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்று பார்வைக்கோணம் என்ற பொருளில் தேய்ந்துபோன அந்தச் சொல் அங்கே, பழகியவர்பால் இரக்கம் கொண்டு அவர்களுடைய பிழையைப் பொறுப்பதைக் குறிக்கிறது. அதன் கடைசிக் குறள், ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்’ என்று, தம் கண்ணெதிரே நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்டும் அதை உண்டு அமைபவரைச் சொல்கிறது. அங்கும் கண்டும் என்ற அதே உம்மை. ஆனால் அங்கே இழப்பு காணாதிருப்பவருக்கே. ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’யில் இழப்பு எப்போதும் வேறு யாருக்கோ. ஆகவே கண்ணோட்டம் என்ற சொல்லை இதற்கு ஈடாகப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக, தேர்வில் என்ன எழுதுவது என்று உங்கள் மகள் கேட்டிருந்தாள். கேள்வி பொருளை மட்டும் கேட்டால், தவறு என்று தெரிந்தும் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுதல் என்று எழுதினால் போதும். தோற்றத்தையும் கேட்டால், நெல்சனால் புகழ்பெற்றது என்று எழுதச் சொல்லுங்கள். நெல்சனிடமிருந்து பிறந்தது என்று விடைக்குறிப்பை வைத்துத் திருத்துபவரும் இதற்கு மதிப்பெண் தருவார். பேரகராதியைப் புரட்டிப் பார்த்தவரும் தருவார்.